நூலகத்தின் ஒரு மாலை ஊருக்கு வேண்டும்

தமிழ்நாட்டில் பொது நூலகத் துறையின் கீழ் 4,000க்கும் மேற்பட்ட நூலகங்கள் இயங்குகின்றன. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று அந்த வலை சிற்றூர்கள்வரை நீள்கிறது. சாதி கேட்காமல், கட்டணம் வாங்காமல், அழைப்பிதழ் எதிர்பார்க்காமல் யாரும் நுழையக்கூடிய இடங்களை ஒரு சிற்றூரில் எண்ணிப் பார்த்தால், நூலகத்தைத் தவிர அதிகம் தேறாது. ஆனால், இந்தக் கட்டடங்களில் பெரும்பாலானவை இன்று இரண்டு வேலைகளுக்கே பயன்படுகின்றன. காலையில் நாளிதழ் வாசிப்பு. மற்ற நேரத்தில் போட்டித் தேர்வுக்கான படிப்பு. இரண்டும் தேவையானவையே. இவற்றோடு மூன்றாவது வேலை ஒன்றும் சேர வேண்டும். வாரத்தில் ஒரு மாலை, ஒவ்வோர் ஊர் நூலகமும் கலைக்கும் அறிவியலுக்கும் இயற்கைக்குமாக ஊரார் கூடும் இடமாக வேண்டும். இது வெளியிலிருந்து நூலகத்தின் தலையில் ஏற்றப்படும் புதுச் சுமை அல்ல. நூலகம் எதற்காகத் தொடங்கப்பட்டதோ, அந்த வேலையில் விட்டுப்போன பகுதி.

சுதந்திர இந்தியாவில் ஒரு மாநிலம் இயற்றிய முதல் நூலகச் சட்டம், சென்னை மாகாணம் 1948இல் கொண்டுவந்த பொது நூலகச் சட்டம்தான். அதற்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். நூலக ஆணைக்குழுவுக்கு என்னென்ன அதிகாரங்கள் உண்டு என்று அந்தச் சட்டம் சொல்லும் இடத்தைப் படித்தால் வியப்பு ஏற்படும். புத்தகம், இதழ், வரைபடம் ஆகியவற்றோடு கலைப் பொருட்கள், அறிவியல் மாதிரிகள், படவில்லைகள், திரைப்படச் சுருள்கள் ஆகியவற்றையும் நூலகத்தில் வைக்கலாம். சொற்பொழிவுகளுக்கும் வகுப்புகளுக்கும் ஏற்பாடு செய்யலாம். முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே நூலகம் இவ்வளவு விரிந்த இடமாகக் கருதப்பட்டிருக்கிறது. 1931இல் வெளிவந்த தம் ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ நூலில், நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர்ப்பொருள் என்பதை ஐந்தாவது விதியாக வைத்தார் ரங்கநாதன். எழுத்தறியாதவருக்கு வாசித்துக் காட்டுவதும் கண்காட்சியும் உரையும் நூலகத்தின் கடமைகளே என்பது அவர் நிலை. அதே 1931இல் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகத்தை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். வாசகர் வரட்டும் என்று காத்திருக்காமல், மக்கள் இருக்கும் இடத்துக்கு அறிவைக் கொண்டுசேர்த்த மரபு நம்முடையது.

அந்த மரபு அடியோடு அற்றுவிடவில்லை. சென்னையின் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உரைகளும் கலை நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. 2023இல் திறக்கப்பட்ட மதுரையின் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதிகள் இருக்கின்றன. ஈரோட்டில் 2005 முதல் ஆண்டுதோறும் நடக்கும் புத்தகத் திருவிழா, மாலை உரை கேட்கவே ஆயிரக்கணக்கானோர் வருவார்கள் என்று காட்டியது. அண்மை ஆண்டுகளில் அரசின் ஆதரவோடு மாவட்டந்தோறும் புத்தகக் காட்சிகள் நடக்கின்றன. ஆனால், இவை எல்லாமே பெருநகரத்திலோ மாவட்டத் தலைநகரிலோ நடப்பவை. கடைசிப் பேருந்து போய்விடும் என்று பாதி உரையில் எழுந்து போக வேண்டியவர்களுக்கு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருபது கிலோமீட்டர் வர முடியாத தாய்க்கு, மாலையில் கடையைவிட்டு நகர முடியாத தொழிலாளிக்கு அவை எட்டுவதில்லை. ஆண்டுக்குப் பத்து நாள் என்பதும் போதாது. ஒரு முறை கேட்ட உரை மனத்தில் கிளப்பும் கேள்வியை அடுத்த வாரமே கேட்க ஓர் இடம் இருந்தால்தான் ஆர்வம் பழக்கமாக மாறும். அந்த இடம் வீட்டிலிருந்து நடந்துபோகும் தொலைவில் இருக்க வேண்டும்.

கலை, அறிவியல், இயற்கை மூன்றையும் ஏன் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும்? நாம்தான் அவற்றைப் பாடவேளைகளாகப் பிரித்துவிட்டோம். உலகில் அவை பிரிந்து கிடக்கவில்லை. நாகஸ்வரத்தையே எடுத்துக்கொள்ளலாம். புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம், பழைய வீடுகளிலிருந்து கிடைக்கும் ஆச்சா மரத்தில் கடையப்படுகிறது. அதன் சீவாளிக்கு ஆற்றங்கரையில் விளையும் நாணல் வேண்டும். மரம் ஏன் முதிர்ந்திருக்க வேண்டும், நாணல் எங்கே குறைந்துவருகிறது, குழலுக்குள் காற்று எப்படி அதிர்கிறது, ஒரே துளையில் கமகம் எப்படிப் பிறக்கிறது என்ற நான்கு கேள்விகளை நான்கு துறைக்காரர்களிடம் தனித்தனியே கேட்க வேண்டியதில்லை. கலைஞர் ஒருவரும், கருவி செய்பவர் ஒருவரும், இயற்பியல் ஆசிரியர் ஒருவரும் ஒரு மாலை ஒன்றாக உட்கார்ந்தால் போதும். சர் சி.வி.ராமன் இதற்கு முன்னோடி. மிருதங்கத்தின் வலந்தலை நடுவே பூசப்படும் கருப்பு வட்டம், தோலின் அதிர்வுகளை இசைக்கு இயைந்தவையாக மாற்றுகிறது என்பதை 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரையிலேயே அவர் விளக்கத் தொடங்கிவிட்டார். நம் தாளக் கருவி ஒன்று உலக அறிவியலுக்குக் கேள்வி கொடுத்திருக்கிறது. அந்தச் செய்தி, மிருதங்கம் கற்கும் சிறுமிக்கும் இயற்பியல் படிக்கும் மாணவனுக்கும் ஒரே நேரத்தில் போய்ச்சேர வேண்டியது.

கலையோடு சேர்ந்து வரும் அறிவியல் மக்களிடம் வேரூன்றும் என்பது இங்கே கண்டறிந்த உண்மை. 1980இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987இல் நாடு தழுவி நடந்து போபாலில் நிறைவுற்ற மக்கள் அறிவியல் கலைப்பயணத்தில் பங்குபெற்றது. பாட்டும் வீதி நாடகமும்தான் அந்தப் பயணத்தின் ஊர்தி. அடுத்து எழுத்தறிவுக்காக வந்த அறிவொளி இயக்கமும் அதே வழியில் நடந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளிக் கலைக் குழுக்கள் ஊர் ஊராகப் பாடி ஆடின. எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள் எழுத்தோடு நிற்கவில்லை. கல்குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளுமாக ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். சந்தைக்கும் வேலைக்கும் தண்ணீருக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வரத் தொடங்கினார்கள். அட்டவணை போட்டு நடத்திய வகுப்பு மட்டும் இதைச் சாதித்திருக்காது. தெருவில் கூடிப் பாடியதால் வந்த துணிச்சலும் அதில் இருந்தது. ஆனால், இயக்கம் அலையாக எழுந்து தணிந்த பிறகு, அந்த ஊக்கத்தைத் தாங்கி நிறுத்த நிரந்தரமான இடம் பல ஊர்களில் அமையவில்லை. அந்த இடமாக ஊர் நூலகம் இருந்திருக்க முடியும். இனியும் இருக்க முடியும்.

உள்ளூரில் நடக்க வேண்டும் என்று வற்புறுத்த அறிவியலிலேயே காரணம் இருக்கிறது. கடகரேகைக்குத் தெற்கே இருப்பதால், தமிழ்நாட்டின் ஒவ்வோர் ஊரிலும் ஆண்டுக்கு இரண்டு நாள், நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஏப்ரல் வாக்கில் ஒரு நாள், ஆகஸ்ட் வாக்கில் மற்றொரு நாள். அன்று நட்டுவைத்த கழிக்கு நிழல் பக்கவாட்டில் விழாது. அந்த நாள் கன்னியாகுமரிக்கு வேறு, மதுரைக்கு வேறு, சென்னைக்கு வேறு. தெற்கு வடக்காக இருக்கும் இரண்டு ஊர் நூலகங்கள் ஒரே நாளில் ஒரே உயரமுள்ள கழியின் நிழலை நண்பகலில் அளந்து, ஒன்றுக்கொன்று தொலைபேசியில் சொன்னால், இரண்டு ஊர்களுக்கும் இடையிலான தொலைவையும் கொண்டு பூமியின் சுற்றளவைப் பள்ளிப் பிள்ளைகளே கணக்கிட்டுவிடலாம். இதற்கு ஆய்வகம் வேண்டாம். கழியும் வெயிலும் போதும். 2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணம் கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி வழியாகச் சென்றது. பாதுகாப்பான கண்ணாடியோடு பொது இடங்களில் கூட்டமாகப் பார்த்த ஊர்கள் இருந்தன. அதே நாளில் உலக்கையைத் தாம்பாளத்தில் நிறுத்திவைத்துக் கிரகணத்தின் சக்தி என்று நம்பிய ஊர்களும் இருந்தன. அடி தட்டையான உலக்கை எந்த நாளிலும் நிற்கும் என்பதைக் கிரகணம் இல்லாத ஒரு சனிக்கிழமை மாலையில் பத்துப் பேர் முன்னால் நிறுத்திக் காட்டினால் விவாதம் முடிந்துவிடும். அதைச் செய்ய ஊரில் ஓர் இடம் இல்லாததே குறை.

இயற்கையும் அப்படித்தான். 2015 முதல் பொங்கல் நாட்களில் நடக்கும் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ யாரும் கலந்துகொள்ளக்கூடியது. தம் ஊர் ஏரிக்கரையிலோ மொட்டை மாடியிலோ கால் மணி நேரம் நின்று, கண்ட பறவைகளைக் குறித்து இணையத்தில் பதிந்தால் போதும். அந்தப் பதிவுகள் பறவைகளின் பரவலையும் வலசையையும் ஆராய்வோருக்குத் தரவாகின்றன. ஆனால், நத்தைக்குத்தி நாரையையும் வெள்ளை அரிவாள் மூக்கனையும் வேறுபடுத்தத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று காட்டினால்தான் புதியவருக்கு அது கைவரும். சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இதற்கு இன்னொரு சான்று. ஜனவரி தொடங்கி வரும் மாதங்களில் இரவெல்லாம் மணலில் நடந்து, பங்குனி ஆமைகளின் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள். பொதுமக்களும் அந்த நடைகளில் சேர்ந்துகொள்கிறார்கள். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரையில் ஆமைகள் பெருமளவில் இறந்து ஒதுங்கியபோது, அது வழக்கத்துக்கு மாறானது என்று உடனே உணர முடிந்ததற்கு ஆண்டாண்டாய் நடந்து குறித்துவைத்த இத்தகைய பழக்கமே அடிப்படை. ஒருவரின் பொழுதுபோக்காகத் தொடங்கியது ஊரின் ஆவணமாகிவிடுகிறது.

ஆவணம் வைத்திருக்கும் ஊர், தன்னைக் காத்துக்கொள்ளவும் முடிகிறது. மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டி மலைகளில் தமிழ் பிராமிக் கல்வெட்டும், சமணர் படுக்கைகளும், குடைவரைக் கோயிலும் இருக்கின்றன. சுமார் 250 வகைப் பறவைகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. அரிய வல்லூறுகளும் கழுகும் அந்தப் பாறைகளில் வாழ்கின்றன. 2022 நவம்பரில் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதன் பின்னால் ஊராரும் பறவை ஆர்வலர்களும் தொல்லியல் ஆர்வலர்களும் பல ஆண்டுகளாகத் திரட்டிய விவரங்கள் இருந்தன. 2024இல் அந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்கத் திட்டம் வந்தபோது, மக்கள் பெருந்திரளாக எதிர்த்தார்கள். சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்துசெய்தது. போராட்டத்தின் வலிமை மக்களின் ஒற்றுமைதான். ஆனால், எதைக் காக்கிறோம் என்று பெயர் சொல்லி, வயது சொல்லி, எண்ணிக்கை சொல்லிப் பேச முடிந்தது அந்த ஒற்றுமைக்குக் கூர்மை கொடுத்தது. தம் ஏரியில் என்ன பறவை வருகிறது, தம் குன்றில் என்ன கல்வெட்டு இருக்கிறது என்று தெரியாத ஊர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவை இழப்பது எதுவென்று அறியாமலே இழந்துவிடும்.

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம். முதலாவது, மிகவும் மதிக்க வேண்டியது. வீட்டில் தனி அறையும் மின்விசிறியும் இல்லாத பிள்ளைகள் நூலகத்தை நம்பித்தான் தேர்வுக்குப் படிக்கிறார்கள். அவர்களின் அமைதியைக் கெடுக்கலாமா? கூடாது. நகராட்சிகளில் அண்மையில் கட்டப்பட்டுவரும் அறிவுசார் மையங்கள் அவர்களை மனத்தில் வைத்தே எழுந்தவை. அவை இன்னும் பெருக வேண்டும். ஆனால், கேட்பது ஏழு நாட்களில் ஒரு மாலையின் இரண்டு மணி நேரம்தான். பல நூலகங்களில் வளாகமோ மொட்டை மாடியோ முன்வாசலோ இருக்கிறது. வானம் பார்ப்பதும் கூத்து நடப்பதும் அங்கேதான். அதுவும் இல்லாத ஊரில், பக்கத்துப் பள்ளி மைதானத்தை நூலகத்தின் பெயரில் வாங்கிக்கொள்ளலாம். அதோடு, தேர்வுக்குப் படிப்பவர்களை ஊரிலிருந்து விலகிய தனிக் கூட்டமாகவே பார்ப்பது அவர்களுக்கும் நல்லதல்ல. ஆண்டுக்கணக்கில் வினாவிடைப் புத்தகத்தோடு மட்டும் உறவாடும் இளைஞருக்கு, வாரத்தில் ஒரு மாலை வேறொன்றைப் பார்ப்பதும் தாமே ஒரு தலைப்பில் பேசுவதும் களைப்பைத் தீர்க்கும். தேர்வில் தேறாமல் போனாலும் ஊரில் தமக்கோர் இடம் இருக்கிறது என்ற உணர்வையும் கொடுக்கும்.

கைபேசியில் எல்லாம் கிடைக்கும்போது எதற்குக் கூடிப் பார்க்க வேண்டும் என்பது இரண்டாவது கேள்வி. கைபேசி சனிக்கோளின் வளையத்தை அழகான படமாகக் காட்டும். ஆனால், தொலைநோக்கியின் வழியே தம் கண்ணால் அந்தச் சிறு வளையத்தைப் பார்த்தவர், இனி எந்தப் படத்தையும் வேறு விதமாகப் பார்ப்பார். சொன்னதை நம்புவதற்கும் சோதித்து அறிவதற்கும் உள்ள வேறுபாடு அவருக்குத் தெரிந்துவிடும். வதந்தியும் போலி மருத்துவமும் அதே கைபேசியில்தான் வருகின்றன. அவற்றை எதிர்த்து இன்னொரு காணொளியை அனுப்புவதைவிட, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் நேரில் கேட்டுத் தெளிய ஓர் இடம் இருப்பது பயன் தரும். தெருக்கூத்தில் கட்டை கட்டி ஆடுபவரின் அடவு மண்ணில் எழுப்பும் அதிர்வும், முகவீணையின் ஒலியும் திரையில் வருவதில்லை. விழாக் காலம் முடிந்த மாதங்களில் வேலை இல்லாமல் இருக்கும் கூத்துக் கலைஞருக்குக் காணொளி பார்ப்பவர் கூலி கொடுப்பதும் இல்லை. ஊர் நூலகத்தின் அழைப்பு கொடுக்கும்.

பணத்துக்கும் ஆளுக்கும் எங்கே போவது? பல நூலகங்களில் ஒரே நூலகர்தான். சிலவற்றில் அவரும் பகுதிநேரம். அவர்மீதே இந்தப் பொறுப்பையும் போட்டால் திட்டம் முதல் மாதத்திலேயே படுத்துவிடும். எனவே, நடத்துவது வாசகர் வட்டத்தின் வேலையாக இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர், உள்ளூர்க் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர், மகளிர் சுயஉதவிக் குழுவினர், ஊரின் கலைஞர் எல்லோரும் அதில் இருக்கலாம். கேரளத்தில் 1945இல் பி.என்.பணிக்கர் தொடங்கிய நூலக இயக்கம் மக்களே நடத்தும் நூலகங்களால் வளர்ந்தது. அங்கே நூலகத்தைத் தரப்படுத்தும்போது நூல்களின் எண்ணிக்கையோடு, நடத்திய நிகழ்ச்சிகளும் கணக்கில் வருகின்றன. பணத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டு மக்கள் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலாகிறது. அதை நூலக ஆணைக்குழுக்களுக்கு உரிய காலத்தில் செலுத்தாமல் உள்ளாட்சி அமைப்புகள் நிலுவை வைப்பது நெடுநாள் புகார். நிலுவை வந்துசேர்ந்து, அதில் சிறு பங்கை நிகழ்ச்சிகளுக்கென ஒதுக்கினால், கலைஞருக்குச் சன்மானமும் வட்டாரத்துக்கு ஒரு தொலைநோக்கியும் ஓர் இருநோக்கியும் வாங்கப் புதிய வரி தேவைப்படாது.

கடைசி எதிர்வாதம்தான் கடினமானது. மேடை என்று ஒன்று வந்தால் கட்சியும் சாதியும் மதமும் அதைப் பிடிக்கப் பார்க்கும். அந்த அச்சம் நியாயமானது. ஆனால், பொது மேடையே இல்லாத ஊரில் என்ன நடக்கிறது? கூட்டங்கள் சாதிச் சங்க மண்டபத்திலும் கட்சி அலுவலகத்திலும் நடக்கின்றன. அங்கே நுழையக் கூடாதவர் யார் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். பொது இடத்தைத் திறந்துவைத்து விதிகளால் காப்பதே வழி. மூன்று மாத நிகழ்ச்சிநிரலை முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்பது, குழுவில் பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் கட்டாய இடம் கொடுப்பது, ஆண்டுதோறும் பொறுப்பாளர்களை மாற்றுவது, யார் வேண்டுமானாலும் நிகழ்ச்சியை முன்மொழியலாம் என்று வைப்பது ஆகிய நான்கும் இருந்தால் ஒரு கை ஓங்குவது குறையும். கலைகளுக்கும் இது பொருந்தும். சென்னையின் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் தொடங்கிய விழா, சபாக்களின் இசையையும் மீனவர் குடியிருப்பின் மக்களையும் ஒரே மணலில் உட்காரவைத்தது. பறையும் வீணையும், கூத்தும் பரதமும் ஒரே வாசலில் மாறி மாறி ஒலித்தால், எது உயர்ந்தது என்ற பழைய கேள்வி மெல்ல வலுவிழக்கும். வேறெந்த அரங்கைவிடவும் அதற்குத் தகுந்த இடம் நூலகம்.

தொடங்குவதற்கு அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சட்டம் அதிகாரம் கொடுத்து முக்கால் நூற்றாண்டு ஆகிறது. மாவட்ட நூலக ஆணைக்குழுக்கள் செய்ய வேண்டியது, ஒவ்வொரு வாசகர் வட்டத்துக்கும் ஒரு மாலையை எழுத்தில் ஒதுக்கித் தருவதும் சிறு தொகையைப் பெயர் குறித்துக் கொடுப்பதும்தான். பள்ளிக் கல்வித் துறை, வனத் துறை, கலை பண்பாட்டுத் துறை ஆகியவை தம்மிடமுள்ள பயிற்றுநர்களையும் கலைஞர்களையும் வட்டாரவாரியாகப் பட்டியலிட்டு நூலகங்களுக்குத் தரலாம். நூலகத்தின் செயல்பாட்டை மதிப்பிடும்போது, வாங்கிய நூல்களோடு நடந்த மாலைகளும் வந்தவர்களும் எண்ணப்பட வேண்டும். எண்ணப்படாத வேலை எந்த அலுவலகத்திலும் நிலைப்பதில்லை. வாசகர் பக்கமிருந்தும் ஒரு கடமை உண்டு. தம் ஊர் நூலகத்தில் வாசகர் வட்டம் இருக்கிறதா, அது கடைசியாக எப்போது கூடியது, உள்ளாட்சி வசூலித்த நூலக வரி போய்ச்சேர்ந்ததா என்று கேட்க ஒவ்வொரு வரி செலுத்துபவருக்கும் உரிமை இருக்கிறது. கிராம சபையில் அந்தக் கேள்வியை எழுப்பலாம், தீர்மானமாகவும் கொண்டுவரலாம். தன் வானத்தையும் ஏரியையும் பாட்டையும் அறிந்த ஊர், அவற்றுக்காகப் பேசவும் கற்றுக்கொள்ளும். அந்தக் கல்விக்கான கட்டடம் ஏற்கெனவே நம் வரியில் எழுந்து நிற்கிறது; அதன் ஒரு மாலையைக் கேட்டுப் பெறுவது நம் பொறுப்பு.